ஏர்போர்ட் வந்தாச்சு

உக்காருங்க சார். ஆளு யாரும் வரல, துண்டுதான் கெடக்கு. அதை அப்பிடிக் கம்பியில போட்டுட்டு உக்காருங்க. மாட்டுத்தாவணியில ஏறுன நாலு பேரு இந்தத் துண்டைப் பாத்துட்டுப் பேசாமப் பின்னால போயிட்டாவ. ஒரு முழத் துண்டுக்கு இருக்கிற மரியாதை இந்த நாட்டுல ஒரு தாசில்தாருக்குக் கெடையாது.

இல்ல, என் துண்டு இல்ல. எனக்குப் போட்ட துண்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. பதினேழாம் நம்பர் எனக்காம். தூத்துக்குடியில டெப்போவுல இருந்து வண்டி வரும்போதே போட்டுக்கிட்டு வந்துட்டான். நான் அதுல உக்காரல, பதினெட்டுல உக்காந்தேன். ஜன்னலுக்காகத்தான். வேற காரணம் இல்ல.

யாரு போட்டதுன்னு கேக்கியளா? அந்தா, முன் படியில தோள்பையை மாட்டிக்கிட்டு விசில் ஊதுதான் பாருங்க, கண்டக்டர், அவன்தான். பேரு பலவேசம். என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. காதுல விழுந்தா விழட்டும் சார், நான் ஒளிச்சுப் பேசுத ஆளு இல்ல. இருபது வருஷமா ஒரே ரோட்டுல போயிட்டு வாறான். தூத்துக்குடி, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம். மறுநாள் சேலம், நாமக்கல், கரூர். அதுல ஒரு சந்தோஷம் வேற. எந்த ஊருல எந்தக் கடையில டீ நல்லாருக்கும், எந்த வளைவுல பிள்ளைகளுக்கு வாந்தி வரும், எல்லாம் தெரியுமாம். இதெல்லாம் ஒரு படிப்பு.

நான் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். என் கையில இதுவரைக்கும் ஒரு அளவு தப்பினது கெடையாது, எங்க ஆபீசுல யாரை வேணாலும் கேளுங்க. கோமதிநாயகம் அளந்ததுன்னா அதுக்கு மேல அப்பீல் இல்லன்னு சொல்லுவாவ. போன மாசம்கூட ஒரு பொம்பளை, செபத்தியம்மான்னு பேரு, தோட்டத்துக்குப் போக வழி இல்லன்னு மனு குடுத்திருந்தா. புலப்படத்தை விரிச்சுக் காட்டுனேன். "இந்தா பாரும்மா, ரெண்டு சர்வே நம்பருக்கு நடுவுல பாதை ஓடுது, பன்னிரண்டு அடி" ன்னேன். அவ குனிஞ்சு பாக்கா, பாக்கா, பாத்துட்டே இருக்கா. "ஐயா, படத்துல இருக்கு. தரையில பக்கத்துக்காரன் வேலி போட்டிருக்கான். நான் எதுல நடந்து போக?" ங்கா. படிக்காதவகிட்ட என்னத்தப் பேச? படத்துல பாதை இருந்தா பாதை இருக்குன்னுதான் அர்த்தம். பாதை உண்டுன்னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்.

சேலத்துக்குத்தான் போறேன். நீங்க? திண்டுக்கல்லா. சரி, ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு. பலவேசம் கணக்குல ஒண்ணேகால். அவன் கணக்குக்கு நான் பொறுப்பில்ல.

சேலத்துல தங்கச்சி இருக்கா. முத்துக்கனி. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். எங்க அப்பா சாவும்போது அவளுக்கு ஏழு. நான்தான் படிக்க வச்சேன், சைக்கிள் வாங்கிக் குடுத்தேன், மூக்குத்தி போட்டேன். அனல்மின் நிலையத்துல ஆபீஸ் வேலைக்குச் சேத்துவிட்டதும் நான்தான். அங்க ஓமலூர்க்காரன் ஒருத்தன் இன்ஜினியரா இருந்தான், தீர்த்தகிரின்னு. அவனைத்தான் கட்டுவேன்னு வந்து நின்னா. நான் வேண்டாம்னேன். ஏன் வேண்டாம்னேன் தெரியுமா, தூரம். ஓமலூர் எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம். தூரம்ங்கிற ஒரு வார்த்தையைத் தவிர நான் வேற எதுவும் சொல்லல. அவங்க யாரு, எவரு, என்ன ஆளுகன்னு ஒரு கேள்வி கேக்கல. கேக்காமலே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது வேற விஷயம்.

கல்யாணத்துக்கு நான் போகல. லீவு கெடைக்கல. ஜமாபந்தி நேரம், தாலுகாவுல வருஷக் கணக்கு பாக்கிற நேரம். ஜமாபந்தி அதுக்கு அடுத்த மாசம்தான், ஆனா முன்னேற்பாடுன்னு ஒண்ணு இருக்குல்லா? பலவேசம் போனான். லீவு போட்டுட்டுப் போனான். என் இடத்துல நின்னு தாரை வாத்துக் குடுத்தானாம். தாரை வாக்கிறதுன்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமா? டிக்கெட்டைக் குடுக்கிற மாதிரி குடுத்திருப்பான்.

அப்புறம் நாலு வருஷம் பேச்சு இல்ல. அவளும் பேசல, நானும் பேசல. ஒரு நாள் போன். நம்பர் புதுசு, எடுத்தா அவ. "அண்ணேன்" ன்னா. நான் ம்-னு மட்டும் சொன்னேன். பிள்ளைக்கு மூணு வயசாவுது, மொட்டை போட்டுக் காது குத்தப் போறோம், அவுக குலதெய்வம் கோயில்லன்னா. சரின்னேன். அப்புறம் சொன்னா, "அண்ணேன், கல்யாணத்துக்குத்தான் வரல. மடிக்காவது வா."

உங்களுக்குத் தெரியாததா சார், தாய்மாமன் மடியில வச்சுத்தானே காது குத்தணும். தோடும் தாய்மாமன் கொண்டு வரணும். அப்பன் பக்கத்துல கோடி பேரு இருந்தாலும் அந்த ஒரு அரை மணி நேரம் மடி நம்மளுதுதான். மடிக்காவது வான்னு அவ சொன்னப்ப எனக்கு என்னமோ ஆகிப்போச்சு, உண்மையைச் சொல்லுதேன். வாறேம்ட்டின்னு சொல்லிட்டு போனை வச்சிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே போய்த் தோடு எடுத்தேன். சின்னப் பிள்ளைத் தோடு, நடுவுல சிவப்புக் கல்லு.

அப்ப அந்தத் தீர்த்தகிரி பேசுனான். போன்லதான். "கோயில் ரொம்ப சுலபமுங்க மச்சான். சேலம் ஏர்போர்ட் இருக்குதுல்ல, காமலாபுரத்துல, அந்த ரோட்லயேதான். ஏர்போர்ட்ல இருந்து ரெண்டு கிலோமீட்டர்" ன்னான். அவன் வழி சொல்லுததுக்காகச் சொன்னான். ஆனா எனக்கு அப்பத்தான் உறைச்சுது. நான் இருக்கிறது எங்க? வாகைக்குளத்துல. எங்க மாடியில நின்னா தூத்துக்குடி ஏர்போர்ட் தெரியும், அஞ்சு கிலோமீட்டர்கூட இல்ல. இந்தப் பக்கம் வீட்டு வாசல்ல ஏர்போர்ட், அந்தப் பக்கம் கோயில் வாசல்ல ஏர்போர்ட். இதை விட்டுட்டு எவனாவது பஸ்ஸுல போவானா?

உடனே போன்ல அடிச்சுப் பாத்தேன். தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கும் சேலம் ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவுன்னு. டக்குன்னு வந்துது. படம் போட்டு, ஒரு புள்ளியில இருந்து இன்னொரு புள்ளிக்குக் கோடு இழுத்து, முன்னூத்து முப்பத்தெட்டு கிலோமீட்டர், பறக்கும் நேரம் அம்பத்தஞ்சு நிமிஷம். நான் சும்மா விடுவேனா, ரெண்டு ஊரு அட்சரேகையையும் எடுத்து நானே கணக்குப் போட்டேன். சரியா வந்துது. இன்னொண்ணு பாத்தேன் சார், ரெண்டு ஊரும் அநேகமா ஒரே தீர்க்கரேகையில இருக்கு. நேர் வடக்கு. நூல் பிடிச்ச மாதிரி. இந்த பலவேசம் மேற்க போயி, கிழக்க போயி, வளைஞ்சு நெளிஞ்சு எட்டரை மணி நேரம் ஓட்டிட்டுப் போறானே, அது அம்பத்தஞ்சு நிமிஷம். இருபது வருஷமா இவனுக இதைச் சொல்லாம மறைச்சு வச்சிருக்கானுக.

பலவேசம் வீட்டுக்கு வந்தான். ஞாயித்துக்கிழமை காலையில பத்தரைக்கு மேல பன்னிரண்டுக்குள்ள காது குத்து, நாம சனிக்கிழமை காலையிலயே என் வண்டியில போயிருவோம்ணேன், டூட்டி மாத்தி வாங்கிட்டேன்னான். நான் சிரிச்சேன். பறக்கும் நேரம் அம்பத்தஞ்சு நிமிஷம்லே, நான் ஞாயித்துக்கிழமை காலையில இட்லி தின்னுட்டுக் கெளம்புனா உனக்கு முன்னால அங்க இருப்பேன்னேன். தலையைச் சொறிஞ்சான். "அங்க நேரா பிளேன் இருக்காண்ணேன்? மெட்ராஸ் போயி மாறித்தான் போகணும்பாங்களே" ன்னான். கண்டக்டரு எனக்கு பிளேன் ரூட்டு சொல்லுதான். போனை எடுத்துக் கோட்டைக் காட்டுனேன். "அங்கன மெட்ராஸ் எங்கல இருக்கு? கோடு மெட்ராஸுக்கா போவுது?" ன்னேன். கோட்டைப் பாத்துட்டுப் போயிட்டான். இருந்தாலும் சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு போன். "அண்ணேன், பதினேழாம் நம்பர்ல துண்டு போட்டு வச்சிருக்கேன். மனசு மாறுச்சுன்னா வந்துரு. இல்லன்னா எட்டயபுரம் விலக்குல வந்து நில்லு, ஏத்திக்கிடுதேன்." நான் போனை அமத்திட்டுத் தூங்குனேன்.

அந்தத் துண்டைச் சேலம் வரைக்கும் எடுக்கலையாம். டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகூர்த்த நாளு, நிக்க இடமில்ல, ஆளுக வாய்க்கு வந்தபடி ஏசுதாவ, இவன் அண்ணன் வருவாரு, அண்ணன் ஏறுவாருன்னு சொல்லிக்கிட்டே வந்திருக்கான். நாமக்கல் தாண்டியும் ஏறுவாருன்னு சொன்னானாம். நான் நாமக்கல்ல எங்க ஏற? இப்பிடி ஒரு அறிவு.

ஞாயித்துக்கிழமை வந்துது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில ரோஸ் பேப்பர்ல தோடு. இட்லி தின்னேன். எட்டு மணிக்கு ஏர்போர்ட். டிக்கெட்டா? அங்க போயி எடுக்கிறதுதான். ஆபீஸ் வேலையா ஒரு தடவை மெட்ராஸுக்கு பிளேன்ல போனேன், அன்னைக்கு டிக்கெட்டைக் கையில குடுத்துட்டாவ. முன்னூத்துச் சொச்சம் கிலோமீட்டர் போறதுக்குப் பத்து நாளைக்கு முன்னால போயி வரிசையில நிப்பாவளா யாராவது? வாசல்ல துப்பாக்கியோட ஒருத்தன் நின்னான். டிக்கெட் இல்லாம உள்ள விட மாட்டேன்னான். பக்கத்துல ஒரு கவுண்டர், கண்ணாடிக்குப் பின்னால ஒரு பிள்ளை. சேலத்துக்கு ஒண்ணுன்னேன்.

அதுக்கு முன்னால ஒண்ணு செஞ்சேன், அதைச் சொல்லணும். ஆட்டோவுல இருந்து இறங்குனதுமே தீர்த்தகிரிக்கு போன் போட்டேன். "மாப்பிள்ளை, ஏர்போர்ட் வந்தாச்சு" ன்னேன். அவன் உடனே, "ரொம்ப சந்தோஷமுங்க மச்சான், நானே நேர்ல வர்றனுங்க" ன்னான். சரி, அங்க வந்து காத்திருப்பான்னு நினைச்சேன். நினைச்சதுல தப்பு இருக்கா?

அந்தக் கவுண்டர் பிள்ளை சேலத்துக்கு இங்க இருந்து பிளேன் இல்ல சார்ங்கா. மெதுவா, ஏதோ காது கேக்காதவன்கிட்ட சொல்லுத மாதிரி. இன்னைக்கு இல்லையா, எப்பவுமே இல்லையான்னு கேட்டேன். எப்பவுமே இல்ல சார்ன்னா. நான் போனை எடுத்துக் கண்ணாடியில ஒட்டுனேன். "இது என்ன? பறக்கும் நேரம் அம்பத்தஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கா இல்லையா?" அவ படிச்சா. "சார், இது தூரம். ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவுன்னு கணக்குப் போட்டிருக்கு. பிளேன் போனா இவ்வளவு நேரம் ஆகும்னு போட்டிருக்கு. பிளேன் போகுதுன்னு போடல" ன்னா. படத்துல கோடு இருக்கேம்மான்னேன். "கோடு இருக்கு சார். பிளேன் இல்ல" ன்னா.

இருபத்திரண்டு வயசு இருக்கும். என்கிட்ட கோட்டைப் பத்திப் பேசுதா.

அளவு தப்பா? சொல்லுங்க. முன்னூத்து முப்பத்தெட்டு தப்பா? அம்பத்தஞ்சு தப்பா? நானே போட்டுப் பாத்தேனே. அளவு சரி. இங்க ஒரு ஏர்போர்ட் கட்டியிருக்கான், அங்க ஒரு ஏர்போர்ட் கட்டியிருக்கான், நடுவுல நேர் வடக்கா ஆகாசம் காலியாக் கெடக்கு. பிளேன் விடாதது எவன் தப்பு? என் தப்பா? மேலதிகாரி யாருன்னு கேட்டேன், ஒருத்தர் வந்தாரு. தண்ணி குடுத்தாரு. உக்காரச் சொன்னாரு. "அவசரம்னா டாக்சி பிடிச்சாலும் ஆறு மணி நேரம் ஆகும் சார், முதல்ல வீட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிருங்க" ன்னாரு. நான் புகார் புத்தகம் கேட்டேன்.

ரெண்டு பக்கம் எழுதுனேன். படம் வரைஞ்சு, வடக்குத் திசை குறிச்சு, அளவு விகிதம் போட்டு எழுதுனேன். அவங்க பயந்துபோயிட்டாவ. எழுதும்போது போன் அடிச்சுக்கிட்டே இருந்துது. ஒன்பதரைக்கு ஒண்ணு, பத்துக்கு ரெண்டு, பத்தரைக்கு மேல வரிசையா. நான் எடுக்கல. அரசாங்கத்துக்கு எழுதும்போது நடுவுல போனை எடுத்தா வாசகம் கெட்டுப்போயிரும். அதுவும் இல்லாம, எடுத்து என்னத்தச் சொல்ல? சொல்லுங்க சார். எடுத்து நான் என்னத்தச் சொல்ல?

பதினொண்ணே முக்காலுக்கு எடுத்தேன். முத்துக்கனி. "அண்ணேன், எங்க நிக்க?" ன்னா. ஏர்போர்ட்லன்னேன். "அவுகளும் எட்டரையில இருந்து ஏர்போர்ட்லதான் நிக்காவ. மாலையும் கையுமா நிக்காவ. பிளேன் வந்து எல்லாரும் இறங்கிப் போயிட்டாவளாம், உன்னைக் காணலையாம். உனக்கு என்னமும் ஆயிப்போச்சோன்னு உள்ள போயி ஒவ்வொருத்தரா விசாரிச்சுக்கிட்டு இருக்காவ. நீ எந்தப் பக்கம்ணே நிக்க?" அவ ரெண்டு தடவை அண்ணேன் அண்ணேன்னா. அப்புறம் அவளுக்கே தெரிஞ்சுபோச்சு. "எந்த ஏர்போர்ட்ல?" ன்னா. இதுதான், அவ புருஷன் எட்டு மணிக்கே என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஏர்போர்ட் வந்தாச்சுன்னு ஒருத்தன் சொன்னா, எந்த ஏர்போர்ட்டுன்னு கேக்க வேண்டாமா? இன்ஜினியராம். மூணேகால் மணி நேரம் மாலையை வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கத் தெரியுது, ஒரு வார்த்தை கேக்கத் தெரியல.

பிள்ளை மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பசியில அழுதுக்கிட்டு இருந்திருக்கு. ஆசாரி நேரம் போவுதுன்னு சொல்லிட்டாரு. பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது பலவேசம் மடியில வச்சுக் குத்திட்டாவ. தோடு என் சட்டைப்பையில இருக்கு, அங்க தோடு இல்ல. பலவேசம் பொண்டாட்டி அவ மகள் காதுல கெடந்ததைக் கழத்திக் குடுத்திருக்கா. ஒருத்தி போட்டுப் பழகுன தோடு. எங்க வீட்டுப் பிள்ளைக்கு முதல் தோடு அது. அவன் மகளுக்கு அப்ப ஆறு வயசு, காதுல வேப்பங்குச்சியைச் சொருகிக்கிட்டு ஊருக்கு வந்துது. கேட்டா சிரிக்கு. அப்பன் புத்தி.

அதுக்கப்புறம் முத்துக்கனி என்கிட்ட பேசல. ரெண்டு வருஷம் ஆச்சு. ஏசியிருந்தாலும் பரவாயில்ல. ஏச மாட்டேங்கா, பேசவும் மாட்டேங்கா.

நாளைக்கு ரெண்டாவது பிள்ளைக்குக் காது குத்து. பையன். அதே கோயில். பத்திரிகை வந்துது. தாய்மாமன்மார்கள்னு போட்டு முதல்ல பலவேசம், கீழ கோமதிநாயகம். மூத்தவன் நானு, சொந்த அண்ணன் நானு, ரெண்டாவது வரியில. எழுத்து வேற சின்னதா தெரிஞ்சுது. ஸ்கேல் வச்சு அளந்தேன் சார். ஒரு மில்லிமீட்டர் சின்னது. அச்சாபீஸ்காரன் தப்புன்னு பலவேசம் சொல்லுதான். அச்சாபீஸ்காரனுக்கு எங்க குடும்பத்து மேல என்ன கோபம்?

அதுக்காகத்தான் போறேன்னு நினைச்சிராதிய. சேலத்துல எனக்கு ஒரு வேலை இருக்கு. சர்வே சாமான் விக்கிற கடை ஒண்ணு, டேப் வாங்கணும். தூத்துக்குடியிலயும் டேப் கெடைக்கும். நல்ல டேப்புன்னா சேலம்தான்.

இவன் விட மாட்டேன்னுட்டான், இந்தப் பலவேசம். நாலு தடவை வீட்டுக்கு வந்துட்டான். "அண்ணேன், நீ வரணும். அந்தப் பய என் மடியில நிக்க மாட்டான், உன் மடிதான் அகலம்" ங்கான். எனக்குத் தொப்பை இருக்கிறதைக் குத்திக் காட்டுதான். "தங்கச்சி உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாளா?" ன்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பொய் சொல்லவும் தெரியாது அவனுக்கு. அப்புறம் சொல்லுதான், "அவ சொல்லல. ஆனா நான் வரச் சொல்லுதேன்னு சொன்னேன், வேண்டாம்னு சொல்லல" ன்னு. அதை ஒரு சேதின்னு தூக்கிட்டு வந்து சொல்லுதான். நான் அன்னைக்குச் சரியாத் தூங்கல, அது சூட்டுனால.

தோடா? இருக்கு. இந்தா, அதே ரோஸ் பேப்பர்தான். கூரியர்ல அனுப்பியிருக்கலாம்னு என் வீட்டுக்காரி சொன்னா. தோட்டைக் கூரியர்ல அனுப்புனா மடியை எதுல அனுப்ப? பையனுக்குத் தனியாக் கடுக்கன் எடுத்திருக்கேன். இது மூத்த பிள்ளைக்கு, அகல்யாவுக்கு. அஞ்சு வயசு ஆயிட்டு. அது காதுல இப்ப என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாது.

பாருங்க, வாறான். டிக்கெட் போட வரல. கையில போன் வச்சிருக்கான். என்னலே?

என்கிட்டயா? யாரு? அகல்யாவா? குடு.

ஹலோ. ம். ஆமா. யாரு சொன்னா? ம். வாறேன், வந்துக்கிட்டேதான் இருக்கேன். இல்ல, இல்ல, பஸ்ஸுல. ஆமா, பஸ்ஸுலதான். நெசமா. இந்தா சத்தம் கேக்கா? அது விசில். மாமா ஊதுதான். ஆங்? அது... இரு, கேட்டுச் சொல்லுதேன். வச்சிராத. வச்சிட்டியா?

வச்சிட்டா. இந்தால, போனைப் பிடி. போ, போயி படியில நில்லு, யாரோ இறங்கணும்ங்காவ.

முத்துக்கனிதான் போட்டுக் குடுத்திருக்கா சார். பின்னால அவ சத்தம் கேட்டுது. என்கிட்ட பேச மாட்டா, பிள்ளையைப் பேச வைக்கா. அந்தப் பிள்ளை எடுத்த எடுப்புல என்ன கேட்டுது தெரியுமா? "பிளேன் மாமாவா பேசறீங்க?" ன்னுது. பலவேசம் மடி மாமாவாம். நான் பிளேன் மாமாவாம். ரெண்டு மாமாவுக்கும் அடையாளம் வேணும்லா, வீட்டுல அப்பிடிப் பேரு வச்சிருக்காவ. ரெண்டு வருஷமா அந்த வீட்டுல என் பேரு அதுதான். அதுக்கு அது கேலின்னு தெரியாது. பிளேன்ல வாற மாமா பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. பஸ்ஸுல வாறேன்னு சொன்னதும், "அய், அப்ப வந்துருவீங்க" ன்னுது.

திண்டுக்கல் வரப்போவுது. பாலம் தெரியுது. உங்க பை மேல இருக்கு, மறந்திராதிய.

எவ்வளவு நேரத்துல வருவீங்கன்னு கேட்டுது சார். கடைசியா அதைத்தான் கேட்டுது. இங்க இருந்து சேலம் நேர்கோட்டுல நூத்து நாப்பத்தஞ்சு கிலோமீட்டர், அதை நான் இப்பவே சொல்லிருவேன். அது கேட்டது அதை இல்ல. சோறு தின்னாம வாசல்ல உக்காந்திருக்குமாம், எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்கு.

நீங்க இறங்கும்போது ஒரு உதவி செய்யுங்க. அவன்கிட்ட கேளுங்க, இந்த வண்டி சேலத்துக்கு எத்தனை மணிக்குப் போகும்னு. நீங்க கேக்கிற மாதிரி கேளுங்க. கேட்டுட்டு, இந்த ஜன்னல் பக்கமா வந்து எனக்குச் சொல்லிட்டுப் போங்க. நான் கேட்டேன்னு சொல்லிராதிய.

அந்தத் துண்டைக் கம்பியில இருந்து எடுத்துக் குடுங்க. இந்த சீட்டுல வேற யாரும் வந்து உக்காந்திரப்போறாவ, நான் பதினேழுக்கு மாறிக்கிடுதேன்.